எதிர்ப்பவர் வரும்வரை காத்திருந்தவர்

அரசியல் அறிவியல் துறைத் தலைவராக விளங்கி இன்று பணிநிறைவு பெறும் பேராசிரியர் முனைவர் மாடத்தி அம்மையார் அவர்களுக்குக் கல்லூரியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் கூடி வாசித்தளிக்கும் மடல்

அறிவுக்கு அணியே! ஆய்வுக்கு அரணே! தென்காசிச் சீமையில் தோன்றி, தொழிற்சாலைகள் சூழ்ந்த சேரப்பணஞ்சேரிச் சாலையில் சிந்தனை விதைத்த செம்மலே! கேட்பதைக் கடமையாகவும் கேள்வியைக் கேடயமாகவும் கொண்ட கோமகளே! வகுப்பறையில் வாதம் வளர்த்து, வராந்தாவில் நடந்து நடந்தே எங்கள் தரையைத் தேய்த்த தகைமையாளரே! வணக்கம்!

அம்மையீர், வழக்கமாக இந்த இடத்தில் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து நடக்கத் தொடங்குவீர்கள். முகத்துக்கு நேரே யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால் உங்களுக்குக் கால் தரிக்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஆகையால் நாங்கள் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். இனி உங்களைப் பார்த்துப் பேசப் போவதில்லை. அவையோரைப் பார்த்தே பேசுவோம். யாரோ ஒரு மாடத்தியின் கதை என்று நினைத்துக்கொண்டு தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். போட்டிருக்கும் மாலையும் கனம்; அதோடு நடந்தால் தடுக்கும்.

அவையோரே! இவர் கற்பித்த பாடம் சமகால அரசியல் தத்துவமும் மக்களாட்சிக் கோட்பாடும். ஆய்விதழ்களில் எழுதினார், டெல்லிக் கருத்தரங்குகளில் சண்டை போட்டார், சண்டை போட்டவர்களுக்கே ஊருக்கு வந்து அல்வா வாங்கி அனுப்பினார். ஆயுள் முழுக்க இவர் கேட்டது ஒரே கேள்வியைத்தான். பெரும்பான்மை வென்றது, சரி. தோற்றவர்கள் அந்த இடத்தில் இருந்தார்களா? தங்கள் பக்கத்தைச் சொன்னார்களா? நாளைக்கு மறுபடி வந்து கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத வெற்றியை இவர் வெற்றி என்று ஒப்புக்கொண்டதே இல்லை. நாடாளுமன்றத்துக்கு இதைச் சொன்னால் கைதட்டலாம். துறைக்கூட்டத்துக்கும் சொன்னால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் நாங்கள்.

அது தொடங்கிய கதையைச் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், உள்மதிப்பீட்டுத் தேர்வை என்றைக்கு வைப்பது என்று வகுப்பில் கைதூக்கி முடிவு செய்தார்கள். பின்பெஞ்சில் இசக்கிசெல்வி தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வல்லம் வடகாலில் ஒரு செல்போன் பாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வகுப்புக்கு வருகிற பெண். முடிவு அறிவித்த பிறகு விழித்தாள். தேர்வு நாள் அவளுடைய ஷிப்டில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

“ஏன் டீச்சர், உங்க மக்களாட்சியில தூங்குதவங்களுக்கு ஓட்டு கெடையாதா? ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேன்லா?”

வகுப்பு சிரித்தது. மாடத்தி சிரிக்கவில்லை. கரும்பலகையில் எழுதிய தேதியை அழித்தார்.

“கெடையாதுன்னு யாரு சொன்னா? இப்பதான் எந்திச்சிட்டேல்லா. உன் பக்கத்தைச் சொல்லு.”

அன்று முதல் பிடித்தது சனி எங்களுக்கு. துறையில் எந்த முடிவானாலும் எதிர்க்கக்கூடியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்; வந்ததும் முதலில் அவர் பேச வேண்டும்; அதன் பிறகே கைதூக்கலாம். ஒரு வருடம் மாணவர் சுற்றுலா ஏலகிரிக்கா ஏற்காட்டுக்கா என்று முடிவாவதற்குள் பருவத் தேர்வே வந்துவிட்டது. மாடத்தி மேடம் மீட்டிங் என்றால் மற்றத் துறைக்காரர்கள் ‘ராத்திரிக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கினு போ’ என்று கேலி செய்வார்கள். கேலி செய்தாலும் இந்த முறை மெல்லக் கல்லூரி முழுவதும் பரவியது. கல்விக்குழுவிலும் இவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: நிறைவேறிய தீர்மானத்தை, தோற்ற தரப்பு புதிய செய்தியோடு வந்தால், மூன்று மாதத்துக்குள் ஒருமுறை மறுபடி எடுக்கலாம். யாருக்கு என்ன நட்டம் என்று எல்லாரும் கைதூக்கிவிட்டோம். தற்காலிக விரிவுரையாளர்களுக்கும் அந்தக் குழுவில் ஓர் இடம் வேண்டும் என்று இரண்டு வருடம் வாதாடி வாங்கித் தந்தவரும் இவரே. அந்த இடத்தில் உட்கார்ந்தவர் இவருடைய துறையைச் சேர்ந்த சசிரேகா. படப்பைக்காரர்; வீட்டில் இரண்டு பிள்ளைகள்; ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை நீடிக்குமா என்று நகம் கடிப்பவர்.

இந்த மடலை இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவரும் அந்தச் சசிரேகாதான். தன்னைப் பற்றித் தானே வேற்றாள் போல வாசிப்பதா என்று மறுத்துப் பார்த்தார். அவர் பக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, ஓட்டெடுப்பில் தோற்கடித்தோம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். இந்த வருடம் பிப்ரவரியில் வணிக மேலாண்மைத் துறையின் ஹேமந்த், கல்விக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசியல் அறிவியலுக்கு இனி மாணவர் சேர்க்கை வேண்டாம். மாடத்தி அம்மையார் ஓய்வு பெறுவதோடு நிறுத்திவிட்டு லாஜிஸ்டிக்ஸ் பட்டப்படிப்பு தொடங்கலாம் என்றார். ஹேமந்தை வில்லன் என்று எண்ணிவிடாதீர்கள். “சுத்தி இத்தனை கம்பெனி இருக்கு. நம்ம பசங்க மட்டும் கேட்டுக்கு வெளியவே நிக்கணுமா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் சேர்க்கை நின்றால் வகுப்புகள் குறையும். வகுப்புகள் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போக வேண்டியவர் சசிரேகா. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கூட்டத்து அன்று காலையில் ஹேமந்த், புதிய படிப்புக்குப் பயிற்சி இடம் கேட்டு வல்லம் வடகாலுக்குப் போயிருந்தார். திரும்பும்போது ஒரகடம் அருகே, கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர் லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே பழுதாகி நின்றுவிட்டது என்று போன் செய்தார். இங்கே குழு கூடிவிட்டது. சசிரேகா தலைகளை எண்ணிப் பார்த்தார். ஹேமந்த் இல்லாவிட்டால் துறை ஒரே ஓட்டில் பிழைக்கும். அவர் வந்துவிட்டால் இரு பக்கமும் சமம். முதல்வரின் ஓட்டுதான் தீர்க்கும். முதல்வரோ புதிய படிப்பின் பக்கம்.

முதல்வரே நேர்மையாகக் கேட்டார்: “நேரமாகுது. ஓட்டுக்கு விட்டுடலாமா?”

பழம் நழுவிப் பாலில் விழுகிறது என்று நினைத்தார் சசிரேகா. மாடத்தி எழுந்தார். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். சசிரேகா அவர் புடவை முந்தானையை எட்டிப் பிடித்து, “மேடம், என் வேலை மேடம்” என்றார். மாடத்தி நின்று அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல்வரிடம், “தீர்மானம் கொண்டுவந்தவரே வரலியே, எப்படி எடுக்கிறது?” என்றார்.

அதோடு விட்டாரா? வெளியே காத்திருந்த துறைத் தோழர் வெங்கடேசனைக் கூப்பிட்டு, மோட்டார் சைக்கிளில் போய், லாரிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும் ஹேமந்தை ஏற்றி வரச் சொன்னார்.

“இன்னா மேடம் இது? ஆனை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கினா மாதிரி கீது!”

“போட்டுக்கிடுவோம். நீங்க சீக்கிரம் போங்க.”

வெங்கடேசன் திட்டிக்கொண்டே போனார், திட்டிக்கொண்டே திரும்பினார். பின்னால் தலையெல்லாம் புழுதியாக ஹேமந்த். வந்தார், தண்ணீர் குடித்தார், பேசினார், தன் தீர்மானத்துக்கே ஓட்டுப் போட்டார். சமம். முதல்வர் தன் ஓட்டைப் போட்டார். துறை தோற்றது.

அடுத்த சில வாரங்கள் ஆசிரியர் அறை அடுப்பில் வைத்த பானையாக இருந்தது. நாங்களும் இவரைத் திட்டினோம். அதை மறைக்க மாட்டோம். கொள்கை வேண்டியதுதான், ஆனால் அடுத்த வீட்டு அடுப்பை அணைத்தா கொள்கையை வளர்ப்பது என்று கேட்டோம். சசிரேகா பேச்சையே நிறுத்திவிட்டார். இவர் வரும் வழியில் அவர் போகமாட்டார். ஒருநாள் மாடத்தியே அவர் மேசைக்குப் போனார்.

“ஏசணும்னா ஏசிரு. நான் கேக்கேன்.”

கோபம் வந்தால் சசிரேகாவின் மேடைத்தமிழ் ஓடிவிடும். படப்பை வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

“உங்களுக்கு பென்ஷன் கீது மேடம். எனக்கு இன்னா கீது? நீங்க எழுதற புக்குல நான் ஒரு உதாரணமா வருவேன், அவ்ளோதான?”

மாடத்தி அன்று நடக்கவில்லை. மணி அடித்து மாணவர்கள் வரத் தொடங்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார். எங்களில் பலருக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பிறகு ஏப்ரலில் இசக்கிசெல்வி வந்தாள். இப்போது அதே தொழிற்சாலையில் ஓர் உற்பத்தி லைனுக்குப் பொறுப்பாளி. விடுதியில் தன்னோடு தங்கியிருக்கும் பெண்களில் பெரிய கூட்டத்தையே ஷேர் ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் இறக்கினாள். எல்லாருக்கும் அரசியல் அறிவியல் படிக்க வேண்டுமாம். ஷிப்டுக்கு ஏற்ப வகுப்பு வைத்தால் போதுமாம்.

முதல்வர் அவளிடம், “ஏம்மா, லாஜிஸ்டிக்ஸ் படிச்சா வேலை கிடைக்குமே?” என்றார்.

“வேலைதான் கெடச்சாச்சே சார். அங்க எங்க பேச்சு எடுபட மாட்டேங்கு. அதைப் படிக்கத்தான் வந்திருக்கோம்.”

சேர்க்கைக்கு ஆளில்லை என்பதே தீர்மானத்தின் முதல் காரணமாக இருந்தது. இதோ ஆள். புதிய செய்தி கிடைத்துவிட்டது. மூன்று மாதமும் முடியவில்லை. யாருக்கு என்ன நட்டம் என்று நாங்கள் கைதூக்கிய அந்த விதி எழுந்து நின்றது. முதல்வர் மறுகூட்டத்துக்கு ஒப்புக்கொண்டார். தேதியைத் துறையே சொல்லலாம் என்றார்.

போன வாரம் தேதி குறிக்கத் துறை கூடியது. ஓய்வு பெறுகிறவர் இதில் பேசுவது முறையல்ல என்று மாடத்தி வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெங்கடேசன் குரலைத் தாழ்த்தினார்.

“புதன்கிழமை வச்சிக்கலாம். அன்னிக்கு ஹேமந்த் சாருக்கு மச்சினிச்சி கல்யாணம், வேலூர்ல. வரமாட்டாரு. ஒரு ஓட்டுல அடிச்சிக்கினு போயிடலாம்.”

எல்லார் கண்ணும் சசிரேகா மேல் விழுந்தது. வேலை அவருடையது, சொல்லவும் அவருக்கே உரிமை. அவர் தலைகுனிந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். அந்தப் புதன்கிழமை எத்தனை சுலபம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“வாணாம்” என்றார் கடைசியில். “மேடம் சொல்றாங்கன்னு சொல்லல. அவங்க அன்னிக்கு செஞ்சது தப்புதான், இப்பவும் சொல்றேன். ஆனா ஆளு இல்லாத நாளாப் பாத்து நான் பொழச்சா, நாளைக்கு நான் லீவு போட்ட நாளாப் பாத்து என்னைத் தூக்குவாங்க. நிரந்தர வேலை கீறவங்களுக்கு அந்த பயம் இருக்காது. எனக்கு கீது. வெள்ளிக்கிழமை வைங்க.”

அங்கேயே, எங்கள் எதிரிலேயே, ஹேமந்துக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

“சசி மேடம், நான் வந்தா எதிர்த்துதான் ஓட்டு போடுவேன். தெரியுமில்ல?”

“போடுங்க சார். வந்து போடுங்க. ரோட்ல எங்கனா மாட்டிக்கினா சொல்லுங்க, என் ஸ்கூட்டில வந்து இட்டாரேன்.”

வராந்தாவில் செருப்புச் சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

அம்மையீர்! கதை முடிந்தது, மறுபடியும் உங்களிடமே வருகிறோம். வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்தால் பழைய கணக்கேதான். உங்கள் இடத்துக்கு வருகிற வெங்கடேசனும் உங்களைப் போலவே ஓட்டுப் போடுவார், ஹேமந்தும் மாறவில்லை. முதல்வர் மட்டும் அந்தப் பெண்கள் நின்ற வாசலை இரண்டு மூன்று முறை எட்டிப் பார்த்தார் என்கிறார்கள். அதற்குமேல் நம்பிக்கை சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

உங்கள் துறை வழக்கப்படி இந்த மடலுக்கும் மாற்றுக் கருத்து உண்டு. அதையும் இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே அச்சிட்டிருக்கிறோம்: ‘பிப்ரவரியில் அம்மையார் காத்திருந்தது தவறு. என் கருத்து மாறவில்லை. சசிரேகா.’ சுவரில் மாட்டும்போது அந்த வரியை மாலை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலில் வலிமையும் குரலில் கூர்மையும் குறையாமல், கருத்துக்குக் கருத்து மோதும் களிப்பும் கேட்டுக்கேட்டுச் சலிக்காத செவியும் பெருகி, நூறாண்டுக்கும் நிற்காமல் நடந்து நலமோடு வாழ்க! ஓய்வு என்ற சொல்லை உங்களுக்கு வாழ்த்தாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உங்களுக்கு ஓட்டு இல்லை, அம்மையீர். வராந்தா பொது. வந்து நடங்கள்.

அன்பும் ஆற்றாமையும் ஒருங்கே கொண்ட,
ஆசிரியர்கள், அலுவலர்கள்
(ஆதரித்தும் எதிர்த்தும் ஓட்டளித்த அனைவரும், ஹேமந்த் உட்பட)