துண்டுக்கு அடியில ஒரு கை

இல்ல தம்பி, நான் வேண்டாம்னு சொல்லல. நீ பாட்டுக்கு முடிய எடு. என் தலைதான் வேண்டாம் வேண்டாம்னு ஆடுது, அது சொல்றத நம்பாத. கொஞ்ச வருஷமாவே எதைக் கேட்டாலும் இல்ல இல்லங்குது. கல்யாண வீட்டுல பாயசத்தத் தூக்கிட்டு வருவான், என் தலையப் பாப்பான், இவருக்குப் போதுமாம்னு அடுத்த இலைக்குப் போயிருவான். டேய் டேய்னு கத்துவேன். வாய் ஊத்துங்குது, தலை வேண்டாங்குது, அவன்தான் எதைன்னு நம்புவான், பாவம்.

இரு இரு, கத்திய எடு. பின்னால நல்லா சாஞ்சுக்கறேன்... ம், இப்ப வை. பாத்தியா, நின்னுருச்சா? முட்டுக் குடுத்தா அடங்கிரும். தூக்கி நிறுத்தினாத்தான் ஆட்டம். கையும் அப்படித்தான். மடியில போட்டா பச்சப்புள்ள மாதிரி தூங்கும். ஒரு டீ கிளாஸத் தூக்கச் சொல்லு, அப்ப தெரியும் சேதி.

மொத்தமா எடுக்கணுமா? காதோரம்கூட? சரி சரி, நீ சொன்னா சரி. எத்தனையோ பேருக்கு எடுத்திருப்ப. எல்லாரும் இந்த மாதிரிதான் பேசிட்டே இருப்பாங்களா? அப்ப நான் ஒருத்தன்தானா. என்ன பண்ணச் சொல்ற, கை நின்னா வாய் ஆடுது, வாய் நின்னா கால் ஆடுது.

அந்தச் சின்ன டாக்டரம்மா இருக்காங்கள்ல, கோட்டயத்துக்காரங்க, மூக்குல பேசுவாங்களே. வேலுக்குட்டிச் சேட்டா, பயப்படண்டா, கத்தியில்லா, ரெத்தமில்லா. அப்படித்தானே பேசுவாங்க? சிரிக்காத, கத்தி கையில இருக்கு. மண்டையச் சுத்தி ஒரு வளையம் மாட்டி முடுக்குவாங்களாம். அப்புறம் அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள தள்ளுவாங்களாம். காதுக்குக் கேக்காத சத்தத்த மூளைக்குள்ள ஒரே புள்ளியில குவிச்சு, அந்த இடத்த மட்டும் சுடுவாங்களாம். நான் முழிச்சிருக்கணுமாம்! நடுநடுவுல கைய நீட்டச் சொல்வாங்களாம், சுருள் வரையச் சொல்வாங்களாம். மொதநாள் வரைஞ்சேன் பாரு ஒரு சுருள், முள்ளுக்கம்பி வேலி தோத்துச்சு. டாக்டரம்மா பாத்துட்டு, ஆஹா நல்லா இருக்குங்கறாங்க. என் நோயக் காட்டறதுக்கு நல்லா இருக்காம்!

சாவுறதுக்கு ஒண்ணும் பயமில்ல. உதடு கொஞ்ச நாள் மரத்துப் போகலாம், நடக்கறப்போ தள்ளாடலாம், முழுசா நிக்கும்னு சத்தியம் பண்ண முடியாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு பக்கம்தான் பண்ணுவாங்க, வலது கை மட்டும். தலையாட்டம் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், பாயசம்தானே.

தொழிலா? மாட்டுத் தரகு. பாலக்காட்டுப் பக்கம் வாணியங்குளம் சந்தை. நீ வந்ததே இல்லையா? எங்க சந்தையில வெலைய வாயால பேச மாட்டோம் தம்பி. தோள்ல கெடக்கற துண்ட கை மேல போட்டுட்டு, அடியில ஒருத்தன் விரல ஒருத்தன் பிடிப்போம். எந்த விரல், எத்தனை விரல், எத்தனை அமுக்கு, அதுதான் வெலை. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. மேல மூஞ்சி ரெண்டும் மழை பெய்யுமாங்கற மாதிரி வானத்தப் பாத்துட்டு நிக்கும், கீழ சண்ட நடக்கும்.

அதுல போயி எனக்கு இந்த வியாதி! கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சந்தைக்குத் தெரிஞ்சிருச்சு, துண்டுக்கடியில. மொத தடவ மாணிக்குட்டின்னு இன்னொரு தரகனோட ஒரு எருமைக்குப் பேசறேன். நான் ஒரு அமுக்குதான் அமுக்கினேன். கை நடுங்கினதுல அவன் பல அமுக்கா எண்ணிட்டான். துண்ட எடுத்தா பய பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறான். கை குடுத்தது குடுத்ததுதான், மாத்திப் பேசினா அடுத்த நாள் எவனும் எனக்குக் கை நீட்ட மாட்டான். எருமைய ஓட்டிட்டு வந்தேன். எம் பொஞ்சாதி விலாசினி வாசல்ல நின்னு பாக்கறா. யானை வாங்கப் போனீங்களா, வெலை அப்படி இருக்கேங்கறா.

அப்புறம் எல்லாரும் வைத்தியனாயிட்டாங்க. குடிக்கறான், அதான் நடுக்கம்னான் ஒருத்தன். இதுல வேடிக்கை என்னன்னா, குடிச்சாத்தான் நடுங்கறதில்ல! ஒரு கோப்பை கள்ளு உள்ள போனா கை கல்லு மாதிரி நிக்கும். எறங்கினதும் வட்டியோட திரும்பி வரும். டாக்டரம்மாகிட்டச் சொன்னேன், அது மருந்து இல்ல சேட்டா, எலிப்பொறின்னாங்க. எங்கப்பனுக்கும் இந்த நடுக்கம் உண்டு. அந்தாளு அந்தப் பொறியிலதான் போனாரு.

எம் மச்சான் சுதாகரன், விலாசினியோட தம்பி, அவன் போன்ல பாத்துட்டு வந்து, இது பார்க்கின்சன் மச்சான், இனி ஒவ்வொண்ணா உறைஞ்சு போகும்னு அழுவறான். நல்லவேளை, டாக்டரம்மா நடந்து காட்டச் சொன்னாங்க, எழுதச் சொன்னாங்க, தைராய்டு ரத்தம் பாத்தாங்க. அந்த வியாதிக்காரங்களுக்குக் கை சும்மா இருக்கறப்போ ஆடும், ஏதாச்சும் எடுக்கப் போனா கொறையும், நடை சுருங்கும், எழுத்து எறும்பா ஆகும். உங்களுக்கு நேர்மாறு, வேலை செய்யறப்போதான் ஆடுது, எழுத்து பெருசா கோணலா வருது, இது வேற வியாதி, குடும்பத்துல வர்றதுன்னாங்க. சுதாகரனுக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான்.

மாத்திரையா? சாப்பிடாமலா இருப்பேன். மொதல்ல குடுக்கற மாத்திரை எனக்கு ஆகாது, எனக்கு மூச்சிரைப்பு இருக்கு, அது நெஞ்ச இறுக்கிருமாம். அதுக்கு இழுக்கற மருந்தோ நடுக்கத்தக் கூட்டுது. ரெண்டாவது ஒண்ணு குடுத்தாங்க. மொத நாளு போட்டேன், எந்திரிச்சா தரை ஏறுது, எறங்குது. விலாசினி வாசன பாக்கறா. சத்தியமா மாத்திரைதான்டின்னா, எந்தக் கடையில விக்கறாங்கன்னு கேக்கறா. கூட்டிக் கூட்டிக் குடுத்தும் எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு, கை நிக்கல.

கத்திய எடு, கத்திய எடு. இந்தப் பக்கம் அரிக்குது. ...ஆங். இப்ப எவ்வளவு ஆச்சு? பாதிதானா? இப்ப எந்திரிச்சு ஓடினா பாதி மொட்டையோட ஓடணும், என்ன? இல்ல, சும்மா கேட்டேன்.

ஏன் கேட்டேன்னா, கேளு. எங்க சந்தையில ஹம்ஸாக்கான்னு ஒரு பெரிய தரகர், ஆம்பளதான், எங்கூர்ல அண்ணன அப்படிக் கூப்பிடுவாங்க. எருமை விஷயத்துக்கப்புறம் தொழில விட்டுரலாம்னு உக்காந்திருந்தேன். அவர்தான் வந்து, மடையா, இது வியாதியா, வரம்டான்னாரு. எப்படின்னா, துண்டுக்கடியில எல்லாவன் கையும் பேசும். ஆசை வந்தா வேர்க்கும், பயம் வந்தா ஒரு சின்னத் துடிப்பு துடிக்கும். அதப் பிடிச்சுத்தான் வெலைய ஏத்தறது, எறக்கறது. உன் கை எப்பவும் பழைய பஸ்ஸு சன்னல் மாதிரி ஆடிட்டே இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்னாரு. நடுங்கினா தப்பா எண்ணுவாங்களேன்னேன். அமுக்காத, விரல முறுக்கு, அது ஆட்டத்துல கலக்காதுன்னு சொல்லிக் குடுத்தாரு.

அவ்வளவுதான் தம்பி! அதுக்கப்புறம் என் கையப் படிச்சவன் எவனும் இல்ல. மாணிக்குட்டி துண்டுக்கடியில என் கையப் பிடிச்சுட்டு முழிப்பான் பாரு, ஒரு கண்ணு சுருங்கும், வாய் இப்படிப் போகும். எனக்கு உள்ள எது ஓடினாலும் கை அதே ஆட்டம்தான். பாலக்காட்டுலருந்து வேலுக்குட்டியக் கூப்பிடுங்கடான்னு ஆள் வருவாங்க. நடுங்கற கைக்கு அப்படி ஒரு கிராக்கி.

நாளைக்கு இது நின்னுருச்சுன்னா, எல்லாவன் கை மாதிரியும் ஆயிரும். எனக்குப் பயம் உண்டு தம்பி, நெறைய உண்டு. அத்தனையும் விரலுக்கு வந்துரும். மாணிக்குட்டி மொத சந்தையிலேயே கண்டுபிடிச்சிருவான். இந்த வயசுல வேற என்ன தொழில் பண்ணுவேன்? ஹம்ஸாக்காவே நேத்து போன்ல திட்டறாரு, கறக்கற மாட்ட எவனாச்சும் அறுப்பானாடாங்கறாரு.

என்ன? அப்புறம் எதுக்கு வந்தேங்கறியா? கேப்பன்னு தெரியும்.

கொஞ்சம் மெதுவாப் பேசு, விலாசினி வெளில பெஞ்சுலதான் இருக்கா. கண்ணுதான் மங்கல், காது ஊசி. அவளுக்குக் கண்ணுல அழுத்தம். வலிக்காது, சிவக்காது, ஓரத்துலருந்து பார்வை போயிட்டே இருக்கும், போனது திரும்பி வராது. தினமும் சொட்டு மருந்து விடணும். அவ விரலெல்லாம் வாதத்துல மடங்கிருச்சு, அந்தக் குப்பியப் பிதுக்க முடியாது. பொண்ணு ஷார்ஜாவுல. வீட்டுல நான்தான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவ தலைய அண்ணாந்துப்பா, நான் குப்பியோட நிப்பேன். ஒண்ணு மூக்குல விழும், ஒண்ணு காதுல. பக்கத்து வீட்டம்மா வந்து, ஏன் சேச்சி தெனமும் அழுவறீங்க, சேட்டன் அடிக்கறாரான்னு கேட்டாங்கன்னா பாத்துக்க. அவங்களே விட்டுத் தர்றேன்னாங்க. இவ வேண்டாங்கறா. எங்க வீட்டுக்காரர் நல்லா விடறாருங்கறா.

விழுந்துச்சாடின்னு கேப்பேன். விழுந்துச்சுன்னு கண்ண மூடிக்குவா, கன்னத்துல வழியறத முந்தானையில ஒத்திக்கிட்டே. நானும் சரின்னு மூடிய மூடி வெச்சிருவேன். போன மாசம் கண் டாக்டர் பாத்துட்டு, மருந்து விடறதே இல்லையான்னு கேக்கறாரு. இவ அப்பவும், தெனமும் விடறாரு டாக்டர், ஒரு சொட்டுகூட வீணாகலங்கறா.

வலது கண்ணு போயாச்சு தம்பி. எடதுல கொஞ்சம் இருக்கு.

ம், நீ எடு. காதுக்குப் பின்னால விட்டுட்ட பாரு.