சின்னத் தட்டுகளும் ஒரு பெயரும்

ஞாயிறு மாலை, பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“நம்ம வூட்ல சாப்பாடு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுது. அதான் இத்தினி வருஷமா சொல்ல முடியல” என்றார் அவர்.

நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“இன்னிக்கி மட்டும் எப்படி சொன்னீங்க?”

“அந்த ஸ்பெயின் ஓட்டல்ல ஒவ்வொரு சின்னத் தட்டா வந்துகினே இருந்துச்சி. எழுந்துக்கவும் முடியல. மத்த பேச்செல்லாம் தீர்ந்துபோச்சி.”

“தத்து எடுக்கலாம்னு நான் எத்தினி வாட்டி கேட்டேன்! திடீர்னு நீங்களே எடுக்கலாம்னு சொன்னதும் எறா தொண்டையில நின்னுடுச்சி.”

“வேணாம்னு நெனக்கல. நம்ம கொழந்தைன்னு மனசு ஒட்டுமான்னு பயம்.”

“இப்போ?”

“இப்பவும் பயம் கீது. சொல்லிட்டேன் இல்ல, இனிமே ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம்.”

பங்காரப்பேட்டை தாண்டியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அத்தைகிட்ட யாரு சொல்றது?”

“நான்தான். வூட்டுக்குப் போனதுமே.”

“ஒத்துக்கலன்னா?”

“வருத்தப்படுவாங்க. ஆனா நாம நிறுத்த வேணாம்.”

மாரிகுப்பத்தில் பைகளோடு வாசலுக்குப் போனார்கள். நானும் பின்னால் நின்றேன்.

“பொண்ணுன்னா பேரு வெச்சிட்டேன்” என்றார் அவர்.

“எப்போ?”

“போன வருஷமே.”

அந்தப் பெயரை அவள் காதில் மட்டும் சொன்னார்.