ஞாயிற்றுக்கிழமைத் தட்டு

“ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க கீறிடுங்களேன். அம்மா வெளியே விட மாட்டாங்க.”

“பிரியாணி உண்டா?”

“உண்டு. உங்க கையெழுத்து மாதிரி கோணலாக் கீறாதீங்க, அது போதும்.”

உங்கள் ஆய்வகத்தில் ரிஃபானாவும் நானும் இப்படித்தான் பேசிக்கொள்வோம், மேடம். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அவள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஈஸ்ட் செல்லின் குரோமோசோம் நுனிகள் தேய்ந்துபோகாமல் டெலோமரேஸ் பார்த்துக்கொள்கிறது. அதன் துணைப் புரதமான எஸ்ட்-3இல் அவள் ஓரிடத்தை மாற்றினாள். சோதனைக்குழாயில் டெலோமரேஸ் வழக்கம்போல் வேலை செய்தது. உயிருள்ள செல்லிலோ நுனிகள் தேய்ந்தன. மூன்று நாளுக்கொரு முறை பல்குச்சியில் செல்களைத் தொட்டுப் புது வளர்ப்புத் தட்டில் கோடாகக் கீறி வளர்த்தால், நான்காம் தட்டில் செல்கள் சாக வேண்டும். முதல் முறை அவளே கீறினாள், செத்தன. அந்தத் தட்டின் படத்தைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார்கள். திரும்பச் செய்து காட்டச் சொன்னீர்கள்.

திங்களன்று தொடங்கினால் மூன்றாம் தட்டு ஞாயிற்றுக்கிழமை வரும். அது என் முறை. பல்குச்சியால் அவள் தட்டைத் தொடாமல், பக்கத்திலிருந்த, மாற்றம் செய்யாத சாதாரண ஈஸ்ட்டைத் தொட்டுக் கீறினேன். அவ்வளவுதான். கோடுகள் நேராகவே வந்தன. நான்காம் தட்டில் செல்கள் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. இப்படி மூன்று தடவை.

“அப்போ முதல்ல காட்டின படம் ஏதும்மா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஜெர்மனி போனால் திரும்ப மாட்டாள் என்று பயந்தேன், மேடம். போகாதே என்று கேட்கத் தைரியமில்லை. பிறகு அவள் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னேன். நவ்ஷாத் தங்கமான பிள்ளை என்றார்கள் அவள் வீட்டில், எனக்கே கட்டிக்கொடுத்தார்கள்.

நான்கு வருஷமாகிறது. எடமலைப்பட்டி புதூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறாள். போன வாரம் சோறு போட்டுக்கொண்டே, “நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன், இல்லைங்க?” என்றாள். “விடும்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்றேன்.

இதைச் சொல்ல மூன்று முறை ஸ்ரீரங்கம் வந்து, உங்கள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறேன். இன்று கேட்டுவிடுகிறேன்.

“அவளைத் திரும்பக் கூப்பிடுங்க, மேடம். செஞ்சது நான்தான்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா.”