பூசை போட்ட பேட்டரி

அறுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு டாக்சி டிரைவரும், வெல்டிங் வேலை செய்யும் அவருடைய மைத்துனனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பேட்டரிய கழட்டாம கார் மட்கார்டுல எப்படி மாமா வெல்டிங் பத்த வைக்கிறது? பக்கத்துலயே இருக்குது.”

“காலையிலதான் சார்ஜ் ஏத்தி, பூசை போட்டு வண்டியில மாட்டி வச்சிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மாட்டினத அன்னிக்கே கழட்டுனா உங்க அக்கா சோறு போடமாட்டா.”

“அப்ப நாளைக்கு வச்சிக்கலாம்.”

“விடிஞ்சா கல்யாண சவாரி மச்சான். பொண்ணு மாப்பிள்ளைய தொங்குற மட்கார்டோட இட்டுக்கினு போறதா?”

“பொறி பேட்டரி மேல வுழுந்தா?”

“ஈரச் சாக்கு போட்டு நல்லா மூடிடு.”

“நான்தான அதும் மேல குனிஞ்சி நிக்கணும். மூஞ்சி என்னுதாச்சே.”

“பெரிய சினிமா மூஞ்சி!”

மைத்துனன் சிரிக்கவில்லை. “தெரிஞ்சவங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டுக்கலாம் மாமா.”

“இதெல்லாம் யாருக்குப்பா தெரியும்?”

எனக்குத் தெரியும். நான் விஞ்ஞான ஆசிரியர். சார்ஜ் ஏற்றிய பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். சாக்கு போட்டு மூடினால் அது அங்கேயே தங்கும். ஒரு பொறி பட்டால் வெடித்து, அமிலம் முகத்தில் அடிக்கும். முன்பின் அறியாதவர்கள் பேச்சில் தலையிடுவது கௌரவக் குறைவு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செவிலிமேட்டில் இறங்கும்போது மைத்துனன் என் காலை மிதித்துவிட்டான். “மன்னிச்சிக்குங்க சார்” என்றான். பரவாயில்லை என்று தலையை மட்டும் அசைத்தேன்.

அந்த முகத்துக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை.