கனகலிங்கம் கார் விற்ற விதம்

லண்டன் குட்மேய்ஸில் கனகலிங்கத்தின் பக்கத்து வீட்டில் வசிக்கும் திருமதி றஜீனா செபஸ்தியாம்பிள்ளை, சென்ற வைகாசியில் தம் சமையலறையில் வைத்து எனக்குச் சொல்லிய வடிவம் இது. கனகலிங்கம் ஓய்வுபெற்ற பலசரக்குக் கடைக்காரர். அவருடைய பேச்சைக் கேட்டு நிற்பவர் மாதவன் என்னும் தமிழ்நாட்டு இளைஞர். விளம்பரம் பார்த்துக் காரை வாங்க வந்தவர். மாதவன் வாய் திறந்ததாக றஜீனாவுக்கு நினைவில்லை. கனகலிங்கத்தின் பேச்சை றஜீனா பேசிக் காட்டியவாறே எழுதியுள்ளேன்.

…உதில சாயாதேங்கோ தம்பி, உதில சாயாதேங்கோ! பெல்ற்று கீறிப்போடும். பாக்கலாம், வடிவாப் பாக்கலாம், கண்ணால பாக்கலாம். முந்தி வந்த ஆக்களும் இப்பிடித்தான். வந்த உடன சாயுறது, பேந்து "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" எண்டிட்டு ஒரே ஓட்டம். ஒருத்தர் மனுசியும் ரெண்டு பிள்ளையளுமா வந்து நிக்கிறார். ரெண்டே ரெண்டு சீற் எண்டு கொட்டை எழுத்தில போட்டிருக்கிறன்! பிள்ளையளை எங்க வைக்கிறது, பொனற்றிலயோ? இன்னொருத்தர் ஏறினார்… ஏறினது சுகம். இறங்க ஏலாமப் போச்சு. பேந்து நானும் அவற்ர மகளும் ஆளுக்கொரு கையாப் பிடிச்சு இழுத்து… ஐயோ, அவற்ர சப்பாத்து உள்ளுக்க நிண்டிட்டுது!

அதுக்காக நான் விக்க மாட்டன் எண்டு நினையாதேங்கோ. விக்கத்தான் வேணும். தவமலர், என்ர மனுசி, வெஸ்ட் ஈலிங்கில தன்ர தங்கச்சி அஜந்தா வீட்டில போய் இருக்கிறா. "கார் போனாப் பிறகு சொல்லுங்கோ, நான் வாறன்." அவ்வளவுதான் வசனம். பேந்து போனும் எடுக்கிறேல்ல. வீட்டில சோறில்ல, கறியில்ல, சண்டை பிடிக்கக்கூட ஆளில்ல. பாணும் சம்பலும் தான் எனக்கு. அதுவும் கடைச் சம்பல்! என்ர கடையை வாங்கினவன்ர சம்பல் தம்பி, அதுக்குள்ள தேங்காயைத் தேடிப் பிடிக்கோணும்.

என்ன, கையை நீட்டுறியள்? திறப்போ, உங்கட சாவி? ஓம், இருக்கு, பொக்கெற்றுக்குள்ள பத்திரமா இருக்கு. இருக்கட்டும். முதல்ல நீங்கள் விசயத்தைக் கேக்கோணும்.

பாருங்கோ, ஆயுள் முழுக்க நான் ஓட்டினது கருவாட்டு வான். முருங்கைக்காய், பால்மா, அரிசி மூட்டை… அதுக்குள்ள ஏறி இருந்தா கலியாண வீட்டுக்குப் போனாலும் கருவாட்டு மணம். சரி, கடையை வித்தாச்சு, பிள்ளையளும் தங்கட பாட்டில. நிருஜன், என்ர அக்கான்ர மகன், ஜேர்மனியில, டோட்மண்டில இருக்கிறான். அவன்ர மகளின்ர சாமத்திய வீட்டுக்கு, நீங்கள் சொல்லுற மஞ்சள் நீராட்டுக்கு, பிளேனில போனனாங்கள். போன இடத்தில தெருவில நிக்குது இது! சிவப்பு. அமெரிக்கன் கொர்வெற். யாரோ வயசுபோன ஜேர்மன்காரர் துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்தது. விக்கிறதுக்கு எண்டு கண்ணாடியில ஒட்டியிருக்கு. நான் நிண்டிட்டன். கையில பலகாரத் தட்டு. தட்டோட நிண்டிட்டன். "மாமா வேண்டாம், ஸ்ரியறிங் இடப்பக்கம், லண்டனில கரைச்சல்" எண்டு நிருஜன் சொன்னவன் தான். ஆருக்குக் காது கேட்டது?

பிளேனில போனனாங்கள், காரில திரும்பி வந்தனாங்கள். அஜந்தாவுக்கு எண்டு கட்டித் தந்த பலகாரம் முழுக்கத் தவத்தின்ர மடியில. பின்னுக்கு வைக்கலாம் தானே எண்டு கேப்பியள். வைக்கலாம், ஆனா பயித்தம் பணியாரம் நொருங்கிப் போகுமாம். வழி முழுக்க மடியில வைச்சுக்கொண்டு வந்தவ, பாவம். நான் அக்ஸிலறேற்றரை அமத்துறன், அவ பணியாரத்தைப் பிடிக்கிறா, நான் அமத்துறன், அவ பணியாரத்தை… அட அட அட! அந்தச் சத்தம் இருக்கே தம்பி! நெஞ்சுக்குள்ள ஆரோ தவில் அடிக்கிற மாதிரி! போட்டுக் காட்டட்டே? இல்ல, வேண்டாம், றஜீனா அக்கா வேலிக்கு மேலால பாப்பா.

வந்த உடன கோயிலுக்குக் கொண்டு போனன். எந்தக் கோயில் எண்டு கேளாதேங்கோ, இப்ப அந்தப் பக்கம் போறேல்ல. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைக்கக் குனிஞ்ச ஐயருக்கு முதுகு பிடிச்சிட்டுது, அவ்வளவு பதிவு கார், நிலத்தோட நிலமா இருக்கும். அது போகட்டும். சந்தனக் கிண்ணத்தோட பொனற்றுக்கு வாறார். "ஐயா, பொறுங்கோ!" எண்டு ஓடிப்போய் ஒரு பிளாஸ்ரிக் தாளை ஒட்டினன். "இதுக்கு மேல பூசுங்கோ ஐயா, பெயின்ற் மங்கிப்போம்." ஐயர் பாத்த பார்வை! தவம் அங்கனேயே சனத்துக்கு முன்னால கேக்கிறா, "சாமிக்கும் மேலயோ உந்தப் பெயின்ற்?" நீங்களே சொல்லுங்கோ, மூலப் பெயின்ற் தம்பி, ஒரு கீறல் இல்ல!

ஆனா அவ போனது அதுக்கில்ல. அதுக்குக் கோவிச்சவ, பேந்து தேத்தண்ணி தந்தவ. எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கார் பார்க் மெஷின். ஓம், மெஷின்! இந்த நாட்டில அதை ஏன் வலப்பக்கம் வைக்கிறாங்கள்? நான் இருக்கிறது இடப்பக்கம். அப்ப ரிக்கெற் போடுறது ஆர்? வலப்பக்கம் இருக்கிற ஆள். கார் பதிவு, மெஷின் உயரம், அவவுக்குக் கை எட்டாது. அதால ஒவ்வொரு தரமும் அவ இறங்கோணும், போடோணும், திரும்ப ஏறோணும். பட்டுச் சீலையோட ஏறுறதெண்டா அது ஏறுறதில்ல தம்பி, கிணத்துக்குள்ள இறங்கிறது.

அண்டைக்கும் ஒரு கலியாணத்தால வாறம். அவ இறங்கினா, ரிக்கெற்றைப் போட்டா. தடுப்பு எழும்பிச்சுது. பின்னால நிண்டவன் ஹோண் அடிச்சான். நான் அமத்தினன்.

அட, அந்த இழுவை! முதுகைப் பிடிச்சு சீற்றோட ஒட்டிவிடும். நான் அவவுக்கு என்ஜினைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டே போறன். ஒரு மறுமொழியும் இல்ல. "காணும், மெதுவா" எண்டு இல்ல, "முருகா" எண்டு இல்ல. எனக்குச் சந்தோசம் எண்டா அப்பிடிச் சந்தோசம்! முதல் தரமா மனுசி ரசிச்சுக் கேக்கிறா எண்டு நினைச்சு இன்னும் கொஞ்சம் அமத்தினன். றவுண்டபவுட்டில "என்ன தவம், எப்பிடி?" எண்டு திரும்பினா… சீற்றில அவவின்ர ஹாண்ட்பாக் இருக்கு. போனும் அதுக்குள்ள.

திரும்பிப் போனன் தானே! விட்டிட்டுப் போற ஆளே நான்? போய்ப் பாத்தா, மெஷினுக்குப் பக்கத்தில பட்டுச் சீலை, கொண்டைப் பூவோட நிக்கிறா. போற காரெல்லாம் அவவை அங்க வேலை செய்யிற ஆள் எண்டு நினைச்சு ரிக்கெற்றை நீட்டுது. அவவும் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு நிக்கிறா!

சரி, ஏறினா. ஹாண்ட்பாக்கை எடுத்து மடியில வைச்சா. அதோட விட்டிருக்கலாம். நான் ஒண்டே ஒண்டு தான் கேட்டனான்.

"தவம், வெளியில நிண்டு கேக்கேக்க சத்தம் எப்பிடி இருந்தது?"

பிழையே தம்பி? நீங்கள் சொல்லுங்கோ. ஓட்டுறவனுக்கு வெளிச் சத்தம் தெரியாது தானே! வேற ஆரிட்டக் கேக்கிறது? அண்டைக்கே பெட்டியைத் தூக்கினவ. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், அந்தக் கேள்வியில… தம்பி?

மாதவன் தம்பி?

கேற் சாத்தின சத்தம் எப்பவோ கேட்டது, நான் தபால்காரர் எண்டெல்லே நினைச்சன்… அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆரோட கதைச்சன்?

றஜீனாவின் வடிவம் இவ்விடத்தில் நிற்கிறது. லூயிஷாமில் துசியந்தி என்பவர் சொல்லக் கேட்டதில், மாதவன் ஓடிவிடவில்லை. காரை வாங்கிவிடுகிறார், கனகலிங்கம் தெருமுனைவரை அதன் பின்னால் நடந்துபோய், வெளியில் கேட்கும் சத்தம் எப்படியென்று தாமே அறிந்து திரும்புகிறார். தவமலரின் தங்கை அஜந்தா இவ்விரண்டையும் மறுக்கிறார். அவர் கூறுவதன்படி கார் விற்கப்படவே இல்லை. தவமலர் அடுத்த சனிக்கிழமை வீடு வந்து, கையை நீட்டித் திறப்பை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஏறி அமர்ந்தார். இப்போது ஓட்டுபவர் அவர். இறங்கி ரிக்கெற் போடுபவர் கனகலிங்கம். தடுப்பு எழும்பும்வரை ஒரு கையால் காரின் கதவை இறுகப் பிடித்தபடியே நிற்கிறாராம்.