அழகையா துப்பறிஞ்ச மாப்பிள்ளை

மாரியாத்தா சத்தியமா சேர், இனி நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யில்ல. பொய்யின்னா இந்த பஸ்ஸு கம்பளைக்குப் போய்ச் சேராது. நீங்களும் இதுலதான் ஒக்காந்திருக்கீங்க, அதனால நம்பிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.

அந்தப் பேப்பரக் கொஞ்சம் எறக்குங்க. கறுப்புக் கண்ணாடியும் போட்டு, மூஞ்சிக்கு முன்னால பேப்பரயும் விரிச்சிக்கிட்டு ஒரு ஆளு இருந்தா எனக்குப் பயமாருக்கு. உங்களச் சொல்லல. எல்லாம் அந்தப் படம் பண்ணுன வேல.

எந்தப் படமா... பேரு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது. துப்பறியிற படத்தையெல்லாம் கேலி பண்ணி ஒரு சிரிப்புப் படம். பழைய படந்தான், கண்டியில மறுபடி மறுபடி போடுவாங்க. அதுல துப்பறியிறவனுக்கு நீளக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில பேப்பரு, பேப்பர்ல கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. கடைசி வரைக்கும் தப்பான ஆளு பின்னாலயே போவான். உண்மையான களவாணி பக்கத்துல ஒக்காந்து அவனுக்கே வெத்தல மடிச்சுக் குடுப்பான். தியேட்டரே உருண்டு சிரிக்குது. எங்க அழகையா மட்டும் சிரிக்கல.

அழகையா எங்க தேயிலத் தோட்டத்து வாச்சரு. ஹேவாஹெட்ட பக்கம், பெக்டரிக்குக் காவலு. லயத்து வீட்டு வரிசையில எனக்கு அடுத்த காம்பரா. அந்த மனுசன் ஒரு களவாணியையும் புடிச்சதில்ல, தேயில மட்டும் கொறஞ்சிக்கிட்டே இருந்துச்சு. அவருதான் முதுக நிமித்திக்கிட்டு, வாத்தியாரு முன்னால ஒக்காந்த மாதிரி படத்தப் பாக்குறாரு. நான் சிரிச்சா தொடையில கிள்ளுறாரு. படிக்கிற எடத்துல என்னடா சிரிப்புன்னு கேக்குறாரு. அப்பவே நான் கையப் புடிச்சு வெளிய இழுத்திருக்கணும்... எங்க, எடவேளைக்கு வடை வாங்கித் தர்றேன்னாரு.

அந்த நேரம் பாத்து அவரோட அக்கா வீரம்மா மகளுக்கு ஒரு எடம் வந்துச்சு. மக பேரு சந்திரிகா. மாப்பிள்ளை சுந்தரலிங்கம், கண்டி டவுன்ல ஹாஷிம் முதலாளியோட இரும்புக் கடையில வேல, குண்டசாலையில குடியிருப்பு. தாய்மாமன் போயி விசாரிச்சிட்டு வரணும்ல. நம்ம ஆளுக எப்புடி விசாரிப்பாங்க? பக்கத்துக் கடையில ஒரு பிளேன்டீயக் குடிச்சு, பையன் எப்புடின்னு நேராவே கேப்பாங்க. அவங்களும் பொண்ணு வீடாங்கன்னு கேட்டு ஒக்காரக் கதிரை போடுவாங்க. அம்புட்டுத்தான் சேர், அரை நாள் சோலி.

அழகையாவுக்கு அது கேவலமாப் போச்சு. நேராக் கேட்டா நேராவே பொய் சொல்லுவாங்களாம். அவங்க பாட்டன் காலத்துக் கங்காணிக் கோட்டு பொட்டியில கெடந்துச்சு, அத எடுத்து மாட்டுனாரு. ரோட்டோரத்துல கண்ணாடி வாங்குனாரு. கையில கெடச்சது சிங்களப் பேப்பரு, அதுல ஓட்டையப் போட்டு தலைகீழாப் புடிச்சிக்கிட்டு இரும்புக் கடைக்கு எதுத்தாப்புல நின்னாரு. கண்டியில பட்டப்பகல்ல, வெயில்ல, கணுக்கால் வரைக்கும் கோட்டு. போறவன் வர்றவன்லாம் நின்னு பாக்குறான். யாரு கண்ணுலயும் படாம நிக்கிறோம்னு அவருக்கு நெனப்பு.

கடைக்குள்ள இருந்து ஒரு ஆளு வெளிய வந்தாரு. மொட்டத் தல, கையில கொடை, தோள்ல கனத்த பை. அழகையாகிட்ட மாப்பிள்ளை போட்டோ இருக்கு, போட்டோவுல கூரை மாதிரி முடி. வேற மனுசனா இருந்தா, இது வேற ஆளுன்னு விட்டிருப்பான். அந்தப் படத்துல களவாணிக்கு டோப்பா முடி சேர். இவன்தான் மாப்பிள்ளைன்னு அழகையா முடிவு பண்ணிட்டாரு.

அந்த மொட்டத் தலக்காரரு மாப்பிள்ளையோட பெரியப்பா, இராமகிருஷ்ணன். பையில அரிசி. அப்ப அரிசிக்குத் தடை இருந்த காலம், கொஞ்சம் கூடக் கொண்டுபோனாலே பொலிசு புடிக்கும். நம்ம பையன் பொண்ணு பாக்கப் போறான், பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் ஒரு வேளை சோறு ஆக்கக் குடுக்கணும்னு ஒளிச்சிக் கொண்டு போறாரு பாவம். திரும்பிப் பாத்தா, பின்னால கோட்டும் கண்ணாடியும் வருது. ரகசியப் பொலிசுன்னு நெனச்சாரு. வேகமா நடந்தாரு, கோட்டும் வேகமா நடந்துச்சு. வாவியச் சுத்தி ஓடுனாரு, கோட்டும் ஓடுச்சு. கடைசியில மூச்சு வாங்க நின்னு, அரிசியெல்லாத்தையும் வாவியில கொட்டிட்டு கொடையக்கூட விட்டுட்டுப் போயிட்டாரு. மீனுக்கெல்லாம் அன்னைக்குக் கல்யாணம்.

சாயந்தரம் அழகையா வந்து அக்காகிட்ட சொல்றாரு: மாப்பிள்ளைக்கு அம்பது வயசு, மொட்ட, வச்சிருக்கிறது டோப்பா, கடத்தல் சரக்கத் தண்ணியில போடுறான். வீரம்மா நெஞ்சுல கை வச்சு ஒக்காந்துட்டா. விடிஞ்சா அவங்க பொண்ணு பாக்க வர்றாங்க, சேதி சொல்லியனுப்ப ஆளில்ல. வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவோம்னு முடிவாச்சு.

சந்திரிகா ஒண்ணும் திங்கல. அவளுக்குத்தான் உண்ம தெரியுமே. ஒரு தடவ அந்தக் கடைக்குப் பூட்டு வாங்கப் போனவ, சுந்தரலிங்கத்தப் பாத்தா. அதுக்கப்புறம் பூட்டா வாங்குனா சேர். ஆனா வாயத் தெறக்க ஏலுமா? அவனுக்கு முடி சொந்த முடின்னு சொன்னா, ஒனக்கு எப்புடித் தெரியும்னு கேப்பாங்க. சொல்லாட்டி கல்யாணம் போச்சு.

காலையில வந்தாங்க. முன்னால இராமகிருஷ்ணன். வாசல்ல அழகையா, கோட்டோட. பாத்ததும் பெரியவரு வெத்தலத் தட்டக் கீழ போட்டுட்டுக் கையத் தூக்கிட்டாரு.

"ஐயா, எல்லாத்தையும் கொட்டிட்டேன்யா. பையில ஒரு மணி இல்ல, பாத்துக்கங்க."

பாத்தீங்களா மாப்பிள்ளைய, அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்னு அழகையா எங்க பக்கம் திரும்புறாரு. பெரியவரு முழிக்கிறாரு. நான் மாப்பிள்ளை இல்ல, அந்தா வர்றான் பாருங்கங்கிறாரு. பின்னால சுந்தரலிங்கம், போட்டோவுல இருந்த அதே முடி. அழகையா விட்டாரா? அப்ப இவன்தான் டோப்பான்னு பாஞ்சு, ரெண்டு கையாலயும் முடியப் புடிச்சு இழுக்குறாரு. பையன் கத்துறான். முடி வரல, மாப்பிள்ளைதான் கூடவே வர்றான்.

உள்ளேருந்து சந்திரிகா வந்தா.

"மாமா, கைய எடுங்க. அது சொந்த முடிதான். எனக்குத் தெரியும்."

வீரம்மா மகளப் பாத்தா. பொறகு கதவப் பாத்தா, பொட்டியப் பாத்தா, கோழிக்கூட்டப் பாத்தா. எல்லாத்துலயும் புதுப் பூட்டு. கோட்டுமில்ல, கண்ணாடியுமில்ல, நின்ன எடத்துலயே கண்டுபுடிச்சிட்டா. கீழ கெடந்த வெத்தலயப் பொறுக்கித் தட்டுல வச்சு, உள்ள வாங்க சம்பந்தின்னு கூப்புட்டா. அன்னைக்கு எல்லாருக்கும் ரொட்டிதான், சோறு மீனுக்குப் போயிருச்சே.

அழகையா இன்னும் என்ன சொல்றாரு தெரியுமா, கேஸு வெத்தியா முடிஞ்சிச்சாம்.

என்ன சேர் எந்திரிக்கிறீங்க... கம்பளையா? பாத்தீங்களா, பஸ்ஸு வந்து சேந்துருச்சு, அப்ப நான் சொன்னது உண்மதான். இருங்க, கதை சும்மாவா கேட்டீங்க? அந்தப் பேப்பரக் குடுத்துட்டு எறங்குங்க. வாசிக்கத் தெரியாதுதான், ஓட்டை போடத் தெரியும். என் தங்கச்சி மகளுக்கு புசல்லாவையில ஒரு எடம் வந்திருக்கு, விசாரிக்கத்தான் போறேன். அழகையாவோட கோட்டு இந்தா பையில இருக்கு. அந்தக் கண்ணாடியையும் கழட்டுங்க சேர், ஒங்களுக்கு அது எடுப்பாவே இல்ல.