மண்ணுக்கும் தாருக்கும்

ஸ்டேஷன் ஜீப்புக்கு எந்த டயர் போடலாம் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். இந்தப் பக்கம் மாற்றலாகி வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். செண்பகத்தோப்பில் மாந்தோப்புகளுக்குள் போனால் சேறு, ஓடை, உருளைக்கல். திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இராஜபாளையம் போகத் தார் ரோடு. இரண்டுக்கும் பொருந்துகிற டயர் வேண்டும் என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. உண்டு என்று சொல்கிறவன் வியாபாரி. நானும் வியாபாரிதான், ஆனால் டயர் விஷயத்தில் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மண் டயரில் மேலே துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் செங்கல் துண்டு மாதிரி தடித்திருக்கும். சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறும். அதே டயர் நனைந்த தாரில் பாதிதான் ரோட்டைத் தொடும். பிரேக் பிடித்தால் நிற்பதற்கு யோசிக்கும். ரப்பர் பழசாகி இறுகிப் போயிருந்தால் யோசிக்கவும் செய்யாது. வண்டி அதிகம் ஓடுவது எங்கே என்று பார்த்து அதற்குத் தகுந்ததைப் போட வேண்டும். நீங்கள் ரோடு டயரே போடுங்கள். சேற்றில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஏறிவிடலாம்.

இந்தக் கடைசி யோசனை என்னுடையதில்லை, வீரணனுடையது. அவனைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். டயரில் ஆரம்பித்தது உங்கள் மரியாதை.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவன் வீரணன். எண்பத்தாறில் ஊருக்கு வந்து, பழைய ஜீப் ஒன்று வாங்கி, தோப்புகளுக்கும் டவுனுக்குமாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வருவதற்கு முன்னால் இரண்டு ஊரிலும் டயர் என்றால் இந்தக் கண்ணபிரான்தான். மில்காரர்கள்கூட என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சக்கரம் மாற்ற மாட்டார்கள். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது வீரணன் சாதாரணமாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க என்னைக்காச்சும் ஜீப்பு ஓட்டிருக்கீயளா?"

இல்லை என்றேன். உண்மை அதுதான். எனக்கு சைக்கிள் மட்டும் தெரியும்.

"பொறவு எப்பிடி அண்ணாச்சி இம்புட்டுப் பேருக்கு ரோசன சொல்லுதீய?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மனசில் ஒன்றும் இல்லை, அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். ஆனால் அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள், "வீரணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போக ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைப்பானேன். நான் உட்கார்ந்திருக்கும் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவனைக் கேட்கப் போவதாக என்னிடமே சொன்னார்கள்.

ஐப்பசி மழை நெருங்கும்போது அவனுடைய டயர்கள் தேய்ந்துவிட்டன. ஓடையில் சிக்கிக்கொள்ளும் வண்டிக்கு மண் டயர் போடுவதா, பாதி நாள் தாரில் ஓடுவதால் ரோடு டயரே போதுமா என்று அவனுக்குக் குழப்பம். அடுத்தவனுக்கு யோசனை சொல்வது சுலபம் சார், தன் வண்டிக்கு என்று வரும்போதுதான் கஷ்டம். அவன் பெண்டாட்டி சுடலையம்மாள்தான் வழி சொன்னாள்.

"அவிய ரெண்டு மனசா இருக்காக அண்ணாச்சி. ஆண்டாள் முன்னால பூக்கட்டிப் பாத்துருவமா?"

நீங்கள் வெளியூர், அதனால் சொல்கிறேன். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி சாமி முன்னால் வைப்போம். ஒரு சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்கும். அதில் இருக்கிற பூதான் சாமியின் வாக்கு. எடுக்காத பொட்டலத்தை எங்கள் வீட்டில் பிரிக்கிற வழக்கம் இல்லை. அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம். பெண் பார்ப்பதிலிருந்து ஆபரேஷன் வரைக்கும் இதைச் செய்து பார்த்தவர்கள் இங்கே உண்டு.

செவ்வரளி வந்தால் மண் டயர், நந்தியாவட்டை வந்தால் ரோடு டயர் என்று பேசிக்கொண்டோம். பூப்பறித்துக் கட்டிக்கொண்டு வந்தது நான். கடையில் இருக்கும் ஆண்டாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவர்கள் மகள் முத்துப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். செவ்வரளி.

என்னிடம் இருந்த மண் டயர்கள் மிலிட்டரி ஏலத்தில் எடுத்தவை. முற்றத்தில் வெகுகாலம் வெயிலில் கிடந்து கல்லாகியிருந்தன. கறுப்புச் சாயம் பூசியிருந்தேன். வீரணன் குனிந்து நகத்தால் அழுத்தப் போனான். அழுத்தியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும், பட்டாளத்துக் கை. ஆனால் நிமிர்ந்துவிட்டான்.

"வேண்டாம் அண்ணாச்சி. சாமி சொன்ன பொறவு நகத்த வச்சுப் பாக்கது தப்பு" என்றான்.

நான் மண்ணுக்கு இதற்கு ஈடு கிடையாது என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. மழை பிடித்ததும் ஓடையை அவன் ஜீப் மட்டும் தாண்டியது. அவனே வந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரக் கடைசியில் இராஜபாளையம் ரோட்டு வளைவில் முன்னால் போன மாட்டுவண்டிக்காக பிரேக் பிடித்திருக்கிறான். ஜீப் வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. வீரணன் அங்கேயே போய்விட்டான். கூட இருந்த அங்காளம்மாளும் போய்விட்டாள். பாண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு மழையில் நின்றவளை இரக்கப்பட்டு ஏற்றியிருக்கிறான். அவள் வண்டியில் இருப்பாள் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்? அது அவன் செய்த காரியம்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்களும் விபத்து என்று எழுதி முடித்திருப்பீர்கள். ஆனால் துக்க வீட்டு வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "டயர்க்காரருக்கு விவரம் பத்தல. தார் ரோட்டுல ஓடுத வண்டிக்குப் போயி மண் டயரக் குடுத்திருக்காரு." என் காதுபடவே. எத்தனை வருஷத் தொழில் சார் இது. நனைந்த தாரில் அந்த டயர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? எந்த மழையில், எந்த வளைவில் என்பது மட்டும்தான் தெரியாது. மற்றதெல்லாம் தெரிந்தே கொடுத்தேன். நீங்கள் எழுதும்போது அதைத் தெளிவாக எழுத வேண்டும்.

பூ விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு நந்தியாவட்டை அன்று செடி கொள்ளாமல் பூத்திருந்தது. அதன் பக்கமே நான் போகவில்லை. கிணற்றில் போட்ட பொட்டலத்திலும் செவ்வரளிதான்.

துக்கம் கேட்கப் போனபோது முத்துப்பேச்சி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கையைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, நான் மத்த பொட்டலத்த எடுத்திருந்தா எங்கய்யா இருந்திருப்பாகளா?"

ஆமாம் தாயி என்றேன். டயர் விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை சார்.